நடுக்களத்தில் யார்?

மும்பை சீத்தா கேம்ப் சந்துகளில் மான்செஸ்டர் முதல் சென்னை வரை எல்லா அணிகளின் நடுக்களமும் அலசப்படுகிறது. யாரை வாங்குவது என்ற வாதத்துக்கு அடியில் இருப்பது, நம் பையனுக்கு இடம் எங்கே என்ற கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கிலாந்து பிரிமியர் லீக்கின் பெரிய ஆட்டம் இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குத் தொடங்கும். குளிர்காலத்தில் 10 மணி. ஆட்டம் முடிந்த பிறகும் மும்பை சீத்தா கேம்ப்பில் கால்பந்து ரசிகர்களுக்கு உறக்கம் வருவதில்லை. குறுகலான வீடுகளின் வாசற்படியில், மூடப்போகும் டீக்கடையின் பெஞ்சில், ஒரே செல்போனைச் சுற்றி நாலைந்து தலைகள். யார் ஜெயித்தார்கள் என்பது அதற்குள் பழைய செய்தியாகிவிடுகிறது. இப்போதைய பிரச்னை வேறு. நடுக்களத்தில் இரண்டு பேர் போதுமா, மூன்று பேர் வேண்டுமா? மூன்றாவது ஆளை எங்கிருந்து வாங்குவது?

வாதம் தமிழில் தொடங்கும். சூடேறினால் மும்பை இந்திக்குத் தாவும். எதிர்க்கட்சிக்காரர் மலையாளியாக இருந்துவிட்டால் இரண்டு வார்த்தை மலையாளமும் சேர்ந்துகொள்ளும். ‘அண்ணே’, ‘பாய்’, ‘சேட்டா’ என்ற விளிகளுக்கு நடுவே கைசெடோ, சுபிமெண்டி, பலேபா என்று ஈக்வடார், ஸ்பெயின், கேமரூன் நாட்டு வீரர்களின் பெயர்கள் பறக்கும். பத்துக் கோடி பவுண்டுக்குக் குறைந்து யாரும் பேச மாட்டார்கள். மாதக் கடைசியில் கேபிள் பணத்துக்குத் தவணை கேட்பவர்களும் அதில் உண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிப்பேச்சாகத் தோன்றலாம். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்து கேட்டால் பேச்சு மெல்ல ஊர் திரும்புவது தெரியும். மான்செஸ்டரில் தொடங்கியது மும்பை சிட்டி எஃப்.சி.க்கு வரும். அங்கிருந்து சென்னையின் எஃப்.சி.க்குப் போகும். கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: இந்த நாட்டில் நடுக்களத்தில் ஆடும் ஒரு சாதாரண வீட்டுப் பையனுக்கு எந்த அணியில், எந்த வியூகத்தில் இடம் இருக்கிறது?

இடம் என்ற சொல்லுக்கு இந்தக் குடியிருப்பில் தனிக் கனம் உண்டு. கிழக்கு மும்பையின் டிராம்பே பகுதியில், மான்கூர்ட் ரயில் நிலையத்துக்கு அப்பால் கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கிறது சீத்தா கேம்ப். இங்குள்ள பழைய குடும்பங்கள் பல முன்பு ஜனதா காலனியில் இருந்தவை. அந்த நிலம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குத் தேவைப்பட்டது. காலனிவாசிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். முன்னணியில் நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில் மக்சேசே விருதும் (2000) பத்மஸ்ரீயும் (2011) பெற்றவர்; 2018ல் காலமானார். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனி இடிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் லாரிகளில் ஏற்றப்பட்டு இந்தச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பத்தடிக்குப் பதினைந்தடி மனைகள், எழுத்து வரிசையில் பெயரிட்ட செக்டார்கள் என்று ஊர் உருவானது. தமிழ், மலையாளம், உருது, இந்தி பேசும் குடும்பங்கள் சுவரோடு சுவராக வாழ்கின்றன. தமிழருக்குக் கிரிக்கெட், மலையாளிக்குக் கால்பந்து என்ற பிரிவினை இங்கே எடுபடவில்லை. ஒரே சந்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே பந்துதான்.

மான்செஸ்டர் பாடம்

முன்வரிசையில் கோல் போடுபவரை விட்டுவிட்டு எதற்காக நடுக்களத்தைப் பற்றி இவ்வளவு சண்டை? கால்பந்தை அவ்வப்போது பார்ப்பவருக்கு கோல்தான் ஆட்டம். தொடர்ந்து பார்ப்பவருக்கு அந்தக் கோலுக்கு நான்கு பாஸ் முன்னால் நடந்ததுதான் ஆட்டம். எதிரணியிடமிருந்து பந்தைப் பிடுங்குபவர், பிடுங்கிய பந்தைத் திசை திருப்புபவர், கடைசி பாஸைக் கொடுப்பவர் என்று நடுக்களத்தில் மூன்று வேலைகள் உண்டு. பழைய சட்டை எண் வழக்கப்படி ரசிகர்கள் இவர்களை ஆறு, எட்டு, பத்து என்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு வேலையைச் செய்யலாம். மூன்று வேலையையும் செய்யக்கூடியவர் எப்போதோ ஒருவர்தான் வருவார்.

இந்த மூன்று வேலைகளை எத்தனை பேருக்கு, எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் வியூகம். 4-3-3 என்றால் பின்னால் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர். 4-2-3-1 என்றால் தற்காப்புக்கு முன்னால் காவல் போல இருவர், அவர்களுக்கு முன்னால் ‘பத்து’ ஒருவர், அவருக்கு இரு பக்கமும் ஆளுக்கொருவர், கோல் முனையில் ஒற்றை ஆள். 3-4-2-1 வந்தால் நடுவில் இரண்டே பேர் நின்று எதிரணியின் மூவரைச் சமாளிக்க வேண்டும். ஓரங்களில் ஓடுபவர்கள் தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இடையே இரட்டை உழைப்பு உழைக்க வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு வேதனையாகவே போய்விட்டது. 2024 நவம்பரில் பயிற்சியாளராக வந்த ரூபன் அமோரிம் தம்முடைய 3-4-2-1ஐ விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் அணி லீக்கில் 15வது இடத்துக்குச் சரிந்தது. 2025 மே 21ல் பில்பாவோ நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்திலும் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று தோற்றது. அந்தக் கோடையில் கிளப் குன்யா, ம்பெயுமோ, செஸ்கோ என்று மூன்று முன்வரிசை வீரர்களுக்குச் சுமார் 20 கோடி பவுண்டு செலவிட்டது. நடுக்களத்துக்கு பிரைட்டன் அணியின் கார்லோஸ் பலேபா வருவார் என்று வாரக்கணக்கில் செய்திகள் வந்தன. அவர் வரவில்லை.

சீத்தா கேம்ப்பில் இதை வைத்து இரண்டு கட்சிகள் உண்டாகின. ஆள் இல்லாததுதான் நோய், வாங்கிப்போட்டால் தீரும் என்பது முதல் கட்சி. அவர்கள் காட்டும் சாட்சி அர்செனல். 2023ல் டெக்லன் ரைஸுக்குப் பத்துக் கோடி பவுண்டு கொடுத்தது. 2025ல் அவருக்குத் துணையாக மார்ட்டின் சுபிமெண்டியை ஸ்பெயினிலிருந்து அழைத்துவந்தது. நோய் வியூகத்தில் இருக்கிறது, இருக்கும் ஆட்களை வைத்தே மூவரை நடுவில் நிறுத்தலாம் என்பது இரண்டாவது கட்சி. அவர்கள் காட்டும் சாட்சி செல்சி. 2023 என்ற ஒரே ஆண்டில் என்சோ பெர்னாண்டஸ், மொய்சஸ் கைசெடோ என்ற இரண்டு நடுக்கள வீரர்களுக்கு அந்த கிளப் 20 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டியது. ஆனாலும் 2023-24 பருவத்தில் ஆறாவது இடம்தான் கிடைத்தது. ஆள் மட்டும் போதாது, அந்த ஆளுக்கு ஏற்ற இடமும் வேண்டும் என்பது இந்தக் கட்சியின் வாதம்.

ஆளா, இடமா? மான்செஸ்டருக்காகத் தொடங்கிய இந்தக் கேள்விக்கு மும்பையிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது.

ஆளும் இடமும்

2014ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது மும்பை சிட்டியின் சொந்த மைதானம் நவி மும்பை நெருல் டி.ஒய். பாட்டீல் அரங்கம். சீத்தா கேம்ப்வாசிக்கு அது வசதி. மான்கூர்ட்டில் ஹார்பர் ரயில் ஏறினால் கழிமுகப் பாலத்தைத் தாண்டி நேரே நெருல். 2016ல் அணி அந்தேரிக்கு மாறியது. அதன் பிறகு குர்லாவில் ஒரு ரயில் மாறி, காட்கோபரில் மெட்ரோ பிடித்து, ஆசாத் நகரில் இறங்கிப் போக வேண்டும். இரவு ஆட்டம் முடிந்து அதே வழியில் திரும்ப வேண்டும். ஆகவே பலருக்கு ஆட்டம் செல்போனில்தான்.

ஆரம்ப ஆண்டுகளில் பார்க்கும்படியாகவும் பெரிதாக ஒன்றும் இல்லை. புகழ்பெற்ற பெயர்கள் வந்து போயின, கோப்பை வரவில்லை. 2019 நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியை நடத்தும் சிட்டி ஃபுட்பால் குழுமம் மும்பை அணியின் 65 சதவீதப் பங்கை வாங்கியது. மறு ஆண்டு எஃப்.சி. கோவாவின் பயிற்சியாளராக இருந்த ஸ்பெயின்காரர் செர்ஜியோ லோபேரா மும்பைக்கு வந்தார். தனியாக வரவில்லை. கோவாவில் தம் வியூகத்தின் முதுகெலும்பாக இருந்தவர்களையும் பின்னால் கொண்டுவந்தார். தற்காப்பில் மூர்டாடா ஃபால், நடுக்களத்தின் ஆழத்திலிருந்து நீளமான பாஸ்களால் ஆட்டத்தை நடத்தும் மொராக்கோ வீரர் அகமது ஜாஹு, முன்னால் ‘பத்து’ இடத்தில் ஹியூகோ பூமூஸ். பூமூஸுக்காக மட்டும் கோவாவுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் விடுவிப்புத் தொகை கொடுக்க வேண்டியிருந்தது என்று அப்போது செய்தி வந்தது. இந்தியச் சந்தைக்கு அது பெரிய தொகை.

விளைவு உடனே தெரிந்தது. 2020-21 பருவத்தில் லீக் ஷீல்டு, இறுதிக் கோப்பை இரண்டையும் மும்பை வென்றது. ஆட்களை வாங்கும் கட்சி இதைத் தன் வெற்றியாகச் சொல்கிறது. எதிர்க்கட்சிக்குப் பதில் தயார். அடுத்த கோடையிலேயே பூமூஸ் கொல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகானுக்குப் போனார். லோபேராவும் விலகினார். புதிதாக வந்த டெஸ் பக்கிங்காம் ‘பத்து’ இடத்தை ஒருவருக்கே எழுதிக்கொடுக்கவில்லை. 4-3-3க்கு வந்து வேலையை மூவருக்குப் பகிர்ந்தார். ஜாஹு ஆழத்தில் நின்றார். வடகிழக்கு யுனைடெட்டிலிருந்து 2021ல் வந்த மிசோரம் இளைஞர் அபுய்யா அவருக்குப் பக்கத்தில் ஓடினார். கிரெக் ஸ்டூவர்ட், ஆல்பெர்டோ நொகேரா போன்றவர்கள் முன்னால். 2022-23ல் இந்த அணி 20 லீக் ஆட்டங்களில் 54 கோல் அடித்து மீண்டும் ஷீல்டைக் கைப்பற்றியது. இடையில், 2022 ஏப்ரலில், இராக்கின் விமானப் படை அணியை 2-1 என்று வென்று, ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்திய கிளப் என்ற பெயரும் பெற்றது.

இரு கட்சிகளும் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம் இந்த வரலாற்றில் இருக்கிறது. அபுய்யா மும்பைக்கு வந்தபோது இருபது வயதை ஒட்டிய பையன். ஜாஹு என்ற அனுபவசாலிக்குப் பக்கத்தில் நின்று ஆட்டத்துக்கு ஆட்டம் கற்றார். 2024 மே 4ல் கொல்கத்தாவில் மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தி மும்பை கோப்பை வென்றபோது அணியின் தூண்களில் ஒருவர் அவர். அந்தக் கோடையில் அதே மோகன் பகான் அவரைக் கொண்டுபோயிற்று. 2023ல் சென்னையின் தலைவராக இருந்த அனிருத் தாப்பாவும் அங்கேதான் போனார். 2024ல் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து ஜீக்சன் சிங்கை ஈஸ்ட் பெங்கால் வாங்கியதற்கான தொகை 3 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லப்பட்டது. மூவரும் இந்திய நடுக்கள வீரர்கள். அந்த வேலை தெரிந்த இந்தியர் அரிது என்பதால்தான் இந்த விலை.

அரிது ஏன்? இங்கேதான் சீத்தா கேம்ப்பின் வாதம் தன் வீட்டு வாசலுக்கு வருகிறது.

ஓரத்துக்குப் போன தமிழர்கள்

சூப்பர் லீக்கின் முதல் மூன்று பருவங்களில் களத்தில் குறைந்தது ஐந்து இந்தியர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017ல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021ல் நான்காயிற்று. எண்ணிக்கை குறைந்தாலும் பயிற்சியாளர்களின் கணக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. தற்காப்பின் நடுவில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர் அல்லது இருவர், கோல் முனையில் ஒருவர் என்று மைதானத்தின் நட்டநடுக் கோட்டில் வெளிநாட்டவர் நின்றார்கள். இந்தியர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் இரண்டு ஓரங்கள். தப்பு நேர்ந்தால் அணியே கவிழக்கூடிய இடத்தில் அனுபவசாலியை நிறுத்துவது பயிற்சியாளரின் தர்மம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்தாண்டு அப்படியே போனால், நடுவில் நின்று பழகாத ஒரு தலைமுறை உருவாகிவிடுகிறது.

தமிழக வீரர்களின் கதைகளை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் நடுக்களத்தில் பெயர் வாங்கியவர். 2018ல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019ல் ஏ.டி.கே.வுக்கும் போனார். அங்கே பயிற்சியாளர் ஹபாஸின் வியூகம் 3-5-2. அதில் சூசைராஜுக்குக் கிடைத்தது இடது ஓரம். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடித் தற்காப்பையும் தாக்குதலையும் சேர்த்துப் பார்க்கும் வேலை. அதையும் செம்மையாகச் செய்தார். 2020ல் அந்த அணி கோப்பை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது சென்னையின். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பரில், முழங்கால் காயம் அவரைத் தூக்கிப் போட்டது.

எட்வின் சிட்னி வான்ஸ்பால் 2018-19ல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டியின் வீரர். கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்டு சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்த அணியில் ஸ்பெயின்காரர்கள் நடுவை ஆண்டார்கள். நடுக்களத்திலும் வலது பின்களத்திலும் மாறி மாறி ஆடக்கூடியவர் என்பதே வான்ஸ்பாலின் பலமாகச் சொல்லப்பட்டது. சென்னையினுக்கு வந்த பிறகும் அதே கதை. எங்கே ஓட்டை விழுந்ததோ அங்கே அவர். எல்லா இடத்துக்கும் ஏற்றவர் என்ற பாராட்டுக்குள், அவருக்கென்று ஓர் இடம் இல்லை என்ற குறையும் ஒளிந்திருக்கிறது.

நட்டநடுவில் நின்று காட்டியவரும் உண்டு. வட சென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ் 2017-18ல் சென்னையின் நடுக்களத்தில் பந்தைப் பிடுங்கும் ‘ஆறு’. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் சென்னையின் 3-0 என்று வென்றது. ஜெஜே இரண்டு கோல், கணேஷ் ஒன்று. சில நாளில் பெங்களூரில் கோப்பையும் வந்தது. குடிசைப் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பையன் சாம்பியன் அணியின் நடுவில் நின்றான் என்பதை சீத்தா கேம்ப் மறக்கவில்லை. பின்னர் காயங்கள் அவரது வாய்ப்புகளைத் தின்றன.

மும்பைத் தமிழ் ரசிகரின் சங்கடம் இது. பிறந்து வளர்ந்த நகரத்தின் அணி மும்பை சிட்டி. பெற்றோரின் மண்ணின் அணி சென்னையின். இரண்டும் மோதும் நாளில் சட்டை எந்த நிறத்தில் போடுவது என்று வீட்டுக்குள்ளேயே பிளவு. ஆனால் அணிப் பட்டியல் வந்ததும் இரு தரப்பும் முதலில் தேடுவது ஒன்றையே: உள்ளூர்ப் பெயர் எத்தனை, அதில் நடுக்களத்தில் எத்தனை? பல நாள் இரண்டு கேள்விக்கும் விடை திருப்தி தருவதில்லை.

வேலையும் பந்தும்

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியின் நடு வரிசையில் நின்றவர்களில் ஒருவர் டி. சண்முகம். அந்தக் காலத்து வியூகம் 2-3-5. பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடிவாங்கிய பிறகுதான் பழைய முறை போதாது என்பது உறைத்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் ஐரோப்பிய வியூகங்களைப் படித்து இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதி, 1962ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம். ஜகார்த்தாவில் தற்காப்பு வீரரான ஜர்னைல் சிங் காயம்பட்டபோது ரஹீம் அவரை முன்வரிசைக்கே அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. ஆளுக்கேற்ற இடம், இடத்துக்கேற்ற ஆள் என்ற வாதத்தை ரஹீம் அறுபது ஆண்டுக்கு முன்பே களத்தில் தீர்த்துவைத்தார்.

அந்தத் தங்க அணியில் தங்கராஜ், அருமைநாயகம் என்ற தமிழ்ப் பெயர்கள் இருந்தன. நடு வரிசையில் நின்ற பார்ச்சுனாட்டோ ஃபிராங்கோ பம்பாய்க்காரர். கோவாவில் பிறந்து இந்த நகரத்தில் டாடா அணிக்கு ஆடியவர். 2021ல் காலமானார். அவர் கதையில் கவனிக்க வேண்டியது டாடா என்ற சொல். அன்றைய பம்பாயில் கால்பந்து என்பது வேலை. டாடா, கால்டெக்ஸ், மஃபத்லால், ரயில்வே, ஏர் இந்தியா, வங்கிகள் எல்லாம் அணி வைத்திருந்தன. கால் நன்றாக ஓடும் பையனுக்கு ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் கிடைத்தன. அணி மாறுவது என்றால் நல்ல வேலைக்கு மாறுவது என்று பொருள். 1891ல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைக்குக் கூப்பரேஜ் மைதானத்தில் கூட்டம் நெரித்தது. 1958ல் அதை வென்றது கால்டெக்ஸ்.

பிறகு ஒவ்வொன்றாகக் கதவுகள் மூடின. ரோவர்ஸ் கோப்பை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றது. 2005-06ல் தேசிய லீக் வென்ற மஹிந்திரா யுனைடெட்டை 2010ல் நிர்வாகம் கலைத்தது. 2007ல் தொடங்கி உள்ளூர்ப் பையன்களுக்கு வாய்ப்புக் கொடுத்த மும்பை எஃப்.சி. 2017ல் ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியதோடு காணாமல் போயிற்று. பெரிய கிளப் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் நடுக்களத்தில் மூன்று இடம். அதில் வெளிநாட்டவருக்கு ஒன்றோ இரண்டோ போனால் மீதி எத்தனை என்பதைக் கணக்கிடக் கல்லூரி தேவையில்லை.

மைதானமும் ஒரு பிரச்னை. நடுக்கள வீரர் பெரிய மைதானத்தில்தான் உருவாகிறார். முப்பது கஜ தூரத்துக்குப் பந்தை மாற்றிப் போடுவதையும், முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்க்காமலே அறிவதையும் சந்தில் கற்க முடியாது. மும்பையில் பையன்களுக்குக் கிடைப்பது கான்கிரீட் தளமும், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வலை கட்டிய ‘டர்ஃப்’பும். ஐவர் ஆட்டம், எழுவர் ஆட்டம். நெருக்கடியில் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளும் வித்தை அங்கே நன்றாக வரும். ஆனால் பதினோரு பேர் ஆடும் களத்தில் எங்கே நிற்பது என்ற அறிவு அங்கே வராது. டர்ஃப் வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கும்போது, பங்கு கொடுக்க இயலாத பையன் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். தேர்வுக் குழுவின் கண்ணில் படும் முன்பே முதல் வடிகட்டல் அங்கே நடந்துவிடுகிறது.

வழி இல்லாமல் இல்லை என்பதற்கு 2017 அக்டோபர் 9 சாட்சி. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக இந்தியாவின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவர் மணிப்பூரின் ஜீக்சன் சிங், ஒரு நடுக்கள வீரர். கார்னர் பந்தைக் கொடுத்தவர் பெங்களூரின் சஞ்சீவ் ஸ்டாலின். பிற்பாடு மும்பை சிட்டிக்கும் வந்தார். சிறு வயதிலேயே தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வைத்து, வெளிநாடுகளில் ஆடவைத்து உருவாக்கிய அணி அது. ஏழு ஆண்டு கழித்து ஜீக்சனுக்குக் கிடைத்த விலை அந்த முதலீட்டின் பலன். வாங்குவதா, வளர்ப்பதா என்ற கேள்விக்கு, யாராவது வளர்த்தால்தான் யாராவது வாங்க முடியும் என்ற எளிய பதில் அதில் இருக்கிறது.

2025ல் வாதத்துக்குப் புதிய தலைப்பு கிடைத்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ரிலையன்ஸ் சார்ந்த நிறுவனத்துக்கும் 2010ல் கையெழுத்தான 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு இல்லாததால் அந்த ஆண்டு ஜூலையில் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாக ஆள் பிடிக்கும் பருவம். எந்த நடுக்கள வீரர் எங்கே போகிறார் என்று பேச வேண்டிய மாதங்களில், சம்பளம் வருமா, ஆட்டம் நடக்குமா என்று தொழில்முறை வீரர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது ஆண்டு ஆடிய கால்களுக்கே உத்தரவாதம் இல்லாதபோது, இன்னும் ஷூ வாங்காத பையனிடம் அவன் வீட்டார் என்ன சொல்வார்கள்? படிப்பைப் பார் என்றுதான் சொல்வார்கள்.

சீத்தா கேம்ப்பில் வாதம் மட்டும் நிற்கவில்லை. ஒரே மாற்றம், பட்டியலில் இப்போது வேறு பெயர்களும் சேர்ந்திருக்கின்றன. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீடு, போலீஸ் அணி, ராணுவம் என்று சந்தில் நன்றாக ஆடும் பையனுக்கு எந்த ‘கிளப்’ சரிப்படும் என்று பெரியவர்கள் அலசுகிறார்கள். நூறு மில்லியன் பவுண்டு வீரர்களைப் பற்றிப் பேசும் அதே கண்டிப்புடன், அதே நுணுக்கத்துடன் பேசுகிறார்கள். பையன் எட்டா, பத்தா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஓரத்துக்கு அனுப்பக் கூடாது என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒரே கருத்து.